மெஷினோடு போனவர்

1

எங்கள் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்ற செய்தியைக் கேக் வெட்டித்தான் சொன்னார்கள். சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டி, ஆளுக்கொரு காகிதத் தட்டு கொடுத்து, சாக்லேட்டா வெனிலாவா என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் மேலாளர் அம்மா "கனத்த இதயத்தோடு" என்று ஆரம்பித்தார். அதற்குள் என் வாயில் பாதிக் கேக் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பத்து வருடமாக என்னோடு ஒரே மெஷினில் நிற்கிற பிலிப்பைன்ஸ்காரர் ரொஜெலியோ, தாமதமாக உள்ளே வந்து, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று என் காதில் கேட்டார்.

கனடாவில் ஒரு சின்ன ஊர் இது. கார் இருக்கைக்கு உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்களைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. இனிமேல் அதே சுருளை எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் செய்வார்களாம். அங்கே ஒரு கட்டடம் தயாராக இருக்கிறதாம். கேள்விகள் உண்டா என்றார் அம்மா. மிச்சக் கேக்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். தாராளமாக என்றார். நானும் இரண்டு துண்டு எடுத்து வந்தேன்.

"ஏனுங்க, என்ன விசேசம்?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி சுமதி ஒரு துண்டை எடுத்தாள்.

"கம்பெனிய மூடறாங்களாமா."

எடுத்த துண்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் இன்னொரு வேலை கேட்டு எங்கே போய் நிற்பது? ஆனால் ஒரு அற்ப கர்வமும் கூடவே இருந்தது. அந்த அறையில் நின்ற அத்தனை பேரிலும் கம்பெனி மூடலில் முன் அனுபவம் உள்ள ஒரே ஆள் நான்தான்.

2

என் சொந்த ஊர் நல்லேப்பிள்ளி, கேரளத்துக்குள் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தமிழ் பேசுகிற ஊர். நல்லேப்பிள்ளிக்காரனுக்கு ஒரு கால் வயலில், ஒரு கால் கம்பெனியில். ஷிப்டு முடிந்தால் மண்வெட்டி, மண்வெட்டியை வைத்தால் ஷிப்டு. எங்கள் கம்பெனி வயல்களுக்கு நடுவே இருந்தது. பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி இழுப்பார்கள். உள்ளே ஒரு பெரிய மெஷின். ஜெர்மனியிலிருந்து வந்ததால் அதற்கு ஜெர்மன்காரன் என்று பெயர். சரஸ்வதி பூசைக்கு அவனுக்குச் சந்தனம் வைத்து, குங்குமமிட்டு, பொரி படைப்போம்.

ஒருநாள் கம்பெனியைக் கோயமுத்தூருக்கு மாற்றப்போவதாக முதலாளி சொன்னார். கேட்டில் சமரப் பந்தல், அதாவது போராட்டப் பந்தல், எழுந்தது. மூன்று யூனியன், மூன்று கொடி, ஒரே மைக். மத்திய அரசுதான் காரணம் என்று ஒரு கொடி சொன்னது. மாநில அரசு என்று இன்னொரு கொடி. மற்ற இரண்டு கொடிகளும்தான் என்றது மூன்றாவது. முழக்கங்களெல்லாம் மலையாளத்தில் அச்சடித்து வரும், நாங்கள் அதைக் கொங்கு ராகத்தில் கத்துவோம். திருவனந்தபுரத்திலிருந்து வந்த தலைவர் ஒருவர், இது எந்த மாநிலத்துத் தொழிலாளிகள் என்று விசாரித்தார்.

தினம் ஒருவர் வீதம் உண்ணாவிரதம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. என் முறை வந்த அன்று எட்டரை மணிக்கு எட்டு இட்டிலி தின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க வந்த தலைவர், நான் சோர்ந்துவிட்டேன் என்று நினைத்துத் தோளைப் பிடித்துத் தூக்கினார். நான் உண்மையில் தூங்கிவிட்டிருந்தேன்.

எங்கள் போராட்டத்துக்கு ஒரே கொள்கைதான். ஜெர்மன்காரன் வெளியே போகக்கூடாது. அவன் உள்ளே இருக்கும்வரை எங்களுக்கு வேலை உண்டு என்று நம்பினோம். அதனால் முன்கேட்டில் பந்தல், பின்பக்க வாய்க்கால் மேட்டில் காவல். மாசக்கணக்கில் ஒரு கொசுகூட எங்கள் கண்ணில் படாமல் அந்தப் பக்கம் போயிருக்காது.

அப்போதுதான் அறுவடை வந்தது. எங்கள் பக்கம் அறுவடை என்றால் தமிழ்நாட்டிலிருந்து லாரியில் ஏற்றி நெல்லறுக்கும் மெஷின்கள் வரும். கொய்த்து மெஷின் என்போம். அன்றைக்கு மேகம் மூட்டம் போட்டிருந்தது. விடிகிற நேரத்தில் வயலுக்குள்ளிருந்து தார்ப்பாய் மூடிய லாரி ஒன்று வாய்க்கால் மேட்டில் ஏறியது. ஏறியது பாதி, சேற்றில் புதைந்தது மீதி. காவலுக்கு இருந்த நாங்கள் ஐந்து பேரும் ஓடினோம். ஐந்து பேருக்கும் வயல் உண்டு. ஐந்து பேர் வயலிலும் கதிர் சாய்ந்து கிடந்தது.

"கொய்த்து வண்டிடா! மழை வந்துட்டா போச்சு. தள்ளுங்கடா!" என்றேன் நான்.

கொடிக்கம்பைப் பிடுங்கிச் சக்கரத்துக்குக் கீழே போட்டோம். தோள் கொடுத்துத் தள்ளினோம். நான் முன்னால் நடந்து, "வரட்டும், வரட்டும், லெப்ட்ல ஒடிங்க" என்று தார் ரோடு வரைக்கும் வழிகாட்டினேன். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கொழிஞ்சாம்பாறை வழியாக வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்டைத் தாண்டிப் போனார். ஒன்பது மணிக்கு யாரோ பின்பக்கச் சுவரில் பெரிய ஓட்டையைப் பார்த்தார்கள். உள்ளே ஜெர்மன்காரன் நின்ற இடத்தில் நாலு போல்ட்டும், போன வருடத்துப் பொரியும்தான் இருந்தன.

அன்றைக்கு மழையும் வரவில்லை.

3

அந்த லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் என் மச்சான் செல்வராஜ், சுமதியின் அண்ணன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜெர்மன்காரனை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்குக் கம்பெனியில் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். மெஷினோடு கோயமுத்தூருக்கு வந்தால் வேலை உண்டு என்று முதலாளி சொல்லியிருக்கிறார், இவரும் போய்விட்டார்.

நான் தோள் கொடுத்துத் தள்ளுகிறேன், அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இதை எப்படிப் பொறுப்பது? பந்தலில் மைக்கைப் பிடித்து, "செல்வராஜ் ஒரு கருங்காலி" என்று கத்தினேன். மூன்று கொடிகளும் முதல்முறையாக ஒன்றாகக் கைதட்டின. அதோடு அவரோடு பேச்சை நிறுத்தினேன். இருபது வருடம் ஆகிவிட்டது.

அவர் மகள் கல்யாணத்தின்போது நாங்கள் கனடாவில் இருந்தோம். போகலாம் என்றாள் சுமதி. கருங்காலி வீட்டுப் பந்தலில் நான் நிற்கமாட்டேன் என்றேன். அத்தைக்காரி நின்று செய்ய வேண்டிய சீரை யாரோ தூரத்துச் சொந்தம் செய்தது. சுமதி என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு மாதம் சாம்பாரில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

4

இங்கே எங்கள் யூனியன் பிரதிநிதியின் பெயர் லிண்டா. நல்ல பெண்மணி, குரல் மட்டும் பந்தல் மைக் மாதிரி. எனக்கு முன் அனுபவம் உண்டென்று தெரிந்ததும் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து ஆலோசனை கேட்டார். முதலில் கேட்டில் பந்தல் போட வேண்டும் என்றேன். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டுமாம். விண்ணப்பத்தில் நிகழ்ச்சியின் வகை என்ற இடத்தில் திருமணம், பிறந்தநாள், இசை நிகழ்ச்சி, பிற என்று நாலுதான் இருந்தன. பிற என்று போட்டால், தற்காலிகக் கழிப்பறை எத்தனை என்று கேட்டது. எங்கள் பந்தலுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை, சுற்றிலும் வயல்தான்.

பின்கேட்டைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு லாரி தள்ளிய கதையைச் சொல்ல வேண்டி வந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லிண்டா மட்டும் சிரிக்காமல் நோட்டில் "பின்கேட்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மெஷின் ஏற்றும் லாரி இன்ன தேதி, காலை பத்து மணிக்கு, முன்கேட் வழியாக வரும். அன்று அந்தப் பக்கம் யாரும் கார் நிறுத்தவேண்டாம், ஒத்துழைப்புக்கு நன்றி. லிண்டா நோட்டை மூடிவிட்டார். திருட்டுத்தனமாகக் கொண்டுபோனால் ஆத்திரப்படலாம். நன்றி சொல்லிவிட்டுக் கொண்டுபோகிறவனை என்ன செய்வது?

தேர்தல் பக்கத்தில் இருந்ததால் வேட்பாளர்கள் வந்தார்கள். ஒருவர் அமெரிக்காதான் காரணம் என்றார், இன்னொருவர் ஆளும் கட்சி என்றார். இருவரும் மஞ்சள் தொப்பி போட்டு எங்கள் மெஷினுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய புதுப் பூட்சில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தும் அரசியல் மட்டும் மாறவில்லை.

இந்த மெஷினுக்கும் நான் ஒருமுறை சரஸ்வதி பூசையன்று திருநீறு வைத்தேன், ஒரு விரல்தான். அடையாளம் தெரியாத வெள்ளைப் பொடி என்று பாதுகாப்பு அதிகாரி அறிக்கை எழுதினார். முகமூடி போட்ட மூன்று பேர் வந்து துடைத்தார்கள். "ஆபத்தானதா?" என்று என்னைக் கேட்டார்கள். நெற்றியில் பூசிக்கொள்வது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு என்னமோ மெஷின் ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. இதை அறிக்கையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

5

அடுத்த வாரம் மேலாளர் அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். கேக் இல்லை, அதனால் தைரியமாகப் போனேன்.

மெஷினோடு நான் அமெரிக்கா போகவேண்டுமாம். அங்கே அதைப் பொருத்தி, புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து, ஓடவைக்க வேண்டும். அனுமதிச் சீட்டெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "முதலில் ஆறு மாதம். பிறகு அங்கேயே வாய்ப்பு இருக்கலாம்," என்று சிரித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

வீட்டில் சொன்னேன். சுமதி இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தாள்.

"ஏனுங்க, இருவது வருசமா எங்கண்ணன ஊட்டுப் பக்கம் அண்ட உட்டீங்களா? எங்கண்ணன் போனா அது கருங்காலித்தனம். உங்களக் கூப்புட்டா மட்டும் அது வேலையாக்கும்?"

"நா இன்னும் போறன்னே சொல்லுலயே."

"போமாட்டன்னும் சொல்லுலீங்களே!"

எங்கள் மகள் காவ்யா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். அவள் இங்கே பொருளாதாரம் படிக்கிறாள். தமிழ் புரியும், பேசச் சொன்னால் பல் வலிக்கிற மாதிரி முகம் வைப்பாள். உற்பத்தி மலிவான இடத்துக்குப் போவது இயல்பு, அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். நான் இருபது வருடம் கோபப்பட்டதை ஒரே நிமிடத்தில் இயல்பாக்கிவிட்டாள். அப்புறம் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கருங்காலி ஒரு மரம்தானே? அதில் மாலை செய்து எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். மாமாவை நீங்கள் நல்லவிதமாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள்?" என்றாள்.

சுமதி அடக்கமாட்டாமல் சிரித்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. கூடவே பயமும் வந்தது. வேலை வேண்டும், அது மறுக்க முடியாத உண்மை. போனால் நான் மைக்கில் கத்திய அத்தனையும் என் மேலேயே விழும். இதில் என்ன செய்வதென்று கேட்க உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயமுத்தூரில் அப்போது சாயங்காலம். சுமதியே எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

"மச்சான், நா துரைசாமி பேசறனுங்க."

அந்தப் பக்கம் டிவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். பிறகு, "மாப்ளைங்களா? சாப்ட்டீங்களா?" என்றது அதே குரல்.

"இங்க இப்பத்தான் பொழுது விடிஞ்சிருக்குதுங்க."

"அப்ப இனிமேத்தான்."

இருபது வருடத்துக்கு இவ்வளவுதான். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து நேராக விஷயத்துக்கு வந்தேன். எங்கள் கம்பெனி மூடுவதையும், மெஷினோடு என்னைக் கூப்பிடுவதையும் சொன்னேன். "நீங்க போனீங்களே மச்சான், போயி என்னாச்சுங்க?"

"மொத நாளு மாலை போட்டாங்க மாப்ள. ஜெர்மன்காரனுக்கொண்ணு, எனக்கொண்ணு. நாலு பசங்கள உட்டாங்க, சொல்லிக் குடுங்கன்னாங்க. நானும் ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தனுங்க. ஆறு மாசந்தான். ஏழாவது மாசம், செல்வராசு, நீங்க ஊருக்குப் போலாங்கன்னுட்டாங்க. எந்த ஊருக்குப் போறது? அங்க நீங்க பந்தல்ல உக்காந்திருக்கறீங்க."

பெரிய சூப்பர்வைசராக இருக்கிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். "அப்ப இத்தன வருசமா?"

"பீளமேட்டுல சின்னதா ஒரு கடை. மோட்டாருக்குக் காயில் கட்டறனுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே மச்சான்."

"என்னன்னு சொல்றது? கருங்காலின்னாலும் நாலு பேரு மொறைச்சாவது பாப்பாங்க. வேலை போன கருங்காலின்னா சிரிக்க மாட்டாங்களா?" என்று அவரே சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "அதெல்லாங்கூடப் பரவால்லீங்க மாப்ள. அந்த ஆறு மாசமும் ஒருத்தன் பக்கத்துல உக்காந்து சோறு உங்குல. அவிங்களுக்கு நான் கேரளத்துலருந்து வேலையப் புடுங்க வந்தவன். ஊர்ல நீங்க அப்படிச் சொல்றீங்க, அங்க அவிங்க இப்படிச் சொல்றாங்க. மத்தியானம் மெஷினுக்குப் பொறத்தால ஒக்காந்து, பொழுதன்னிக்கும் அந்த ஜெர்மன்காரன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உண்பனுங்க."

நான் கத்திய மைக்கின் இரைச்சல் இப்போது என் காதிலேயே கேட்டது. "என்னத் தப்பா நெனச்சுக்காதீங்க மச்சான்," என்றேன். இருபது வருடத்துக்கு அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

"அட உடுங்க மாப்ள. போறதுன்னா போங்க, தப்பில்ல. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துறாதீங்க, அவ்வளவுதான்."

போனைக் காதிலிருந்து எடுத்து அடுப்படியைப் பார்த்தேன். சுமதி ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லுல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே," என்றாள். என் கையிலிருந்து போனை வாங்கி, "அண்ணா" என்று ஆரம்பித்தவள் மத்தியானம் வரை வைக்கவில்லை. அன்றைக்குச் சமையல் நான்.

7

நான் போகவில்லை என்று மேலாளர் அம்மாவிடம் சொன்னேன். கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். மெஷினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் சாப்பிட எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். மறுப்பதற்கும் ஒரு படிவம் இருந்தது. காரணங்களில் உடல்நலம், குடும்பம், பயண அச்சம் என்று மூன்று. குடும்பம் என்று குறித்தேன்.

அதன் பிறகு ஷிப்டு முடிந்ததும் அரசாங்கம் நடத்தும் வேலை தேடும் வகுப்புக்குப் போய்வருகிறேன். உன் பலத்தை மூன்று சொல்லில் சொல் என்றார் ஆசிரியை, என் மகள் வயதுக்காரி. நன்றாகத் தள்ளுவேன் என்றேன். குழுவாகச் செயல்படுபவர் என்று அவரே திருத்தி எழுதிக்கொண்டார்.

எனக்குப் பதில் ரொஜெலியோ ஒத்துக்கொண்டார். மூன்று பிள்ளைகள், மூன்றும் படிக்கின்றன. விஷயம் வெளியே வந்த அன்றே சாப்பாட்டு அறையில் அவர் மேசை காலியானது. வழக்கமாகவே அவர் கருவாட்டைச் சூடு பண்ணும் நாளில் நாலு பேர் எழுந்து போவார்கள். அன்று அவர் கொண்டுவந்திருந்தது வெறும் ரொட்டி. அதற்கும் போனார்கள். லிண்டா அவரைத் தாண்டி நடந்தபோது, ஆங்கிலத்தில் கருங்காலிக்கு உள்ள சொல்லைச் சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் என்ன பண்ணும்? ரொஜெலியோவுக்கு முகம் சிவந்தது. ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போகப்போனார்.

"உட்கார்," என்றேன். என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. லிண்டா என்னைப் பார்த்த பார்வையில், அன்று முன்வரிசையில் கிடைத்த நாற்காலி பறிபோனது தெரிந்தது. போகட்டும்.

நாலு வாய் சாப்பிட்டோம். பிறகு நான் குனிந்து சொன்னேன். "ஒன்று சொல்கிறேன், கேள். அங்கே போய் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடாதே. கொஞ்சம் கையில் வைத்துக்கொள்."

ரொஜெலியோ மெல்வதை நிறுத்தினார். "மேலாளர் அம்மா போன வாரமே கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அறுபது பக்கம், படம் எல்லாம் போட்டு."

"கம்பி மாற்றும்போது சத்தம் மாறுமே, அது?"

"அதுவும். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் இருக்கிறது," என்றார். பெருமையாகவே சொன்னார். "முதல் பக்கத்தில் உன் பெயர் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்."

என் டப்பாவில் இருந்ததில் பாதியை அவர் தட்டில் தள்ளினேன். "சாப்பிடு, ஆறிவிடும்," என்றேன். அது தயிர்ச்சோறு என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.